செகண்ட்ஹேண்ட் டிராக்டர்: பெயின்ட்டைப் பார்க்காதீங்க, பெடலைப் பாருங்க!

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், டெல்டா கிராமங்களில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் டிராக்டர் வேண்டும். பெரிய பண்ணைகளை முடித்துவிட்டுத்தான் வாடகை வண்டி மூன்று ஏக்கர்காரர் பக்கம் திரும்பும். அதற்குள் நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். குறுவையின் குறுகிய கால ரகங்களை மூன்று வார நாற்றாக நட்டால்தான் நன்றாகத் தூர் கட்டும். நாள் தள்ளத் தள்ள விளைச்சல் அடிவாங்கும். ‘சொந்தமா ஒரு பழைய வண்டி இருந்தா போதுமே’ என்ற ஆசை இப்படித்தான் பிறக்கிறது.

ஆசை நியாயமானது. ஆனால், அந்தப் பணம் பல வீடுகளில் நகையை அடகு வைத்து வருகிறது. நல்ல வண்டி அமைந்தால் பல வருடம் கைகொடுக்கும். தப்பான வண்டி, சரியாக நடவு வாரத்தில் வொர்க்‌ஷாப்பில் போய் நிற்கும்.

முதலில் ஒரு கணக்கு

உதாரணத்துக்கு, 5 ஏக்கர், வருடத்துக்கு இரண்டு போகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 4 மணி நேரம் ஓடினால், வருடத்துக்கு 40 மணி நேரம். 3 லட்சம் ரூபாய்க்கு வண்டி வாங்கி, 12 சதவிகித வட்டி கட்டினால் வருட வட்டி 36,000 ரூபாய். அதாவது, வண்டி ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வட்டி மட்டுமே 900 ரூபாய். டீசல், டயர், ரிப்பேர் எல்லாம் தனி.

இதை உங்கள் ஊர் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே வண்டி பக்கத்து வயல்களையும் சேர்த்து 200 மணி நேரம் ஓடினால், வட்டிச் சுமை மணிக்கு 180 ரூபாயாக இறங்கிவிடும். அதனால்தான், சிறு விவசாயிகள் அண்ணன் தம்பி, பங்காளிகள் என்று இரண்டு, மூன்று பேர் சேர்ந்து வாங்குவது புத்திசாலித்தனம். கணக்கு ஒத்துவரவில்லை என்றால், வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர்களை வாடகைக்குத் தருகிறது. அதை முதலில் விசாரிக்கலாம்.

பெரிய வண்டி தேவையா?

சின்ன நெல் வயலுக்கு 35 முதல் 45 ஹெச்.பி வண்டி தாராளம். ஐந்தடி ரோட்டவேட்டரை அது இழுத்துவிடும். அதற்கு மேல் போனால் எடை கூடும். ஆழமான சேற்றில் கனமான வண்டி புதையும். சிறிய வயலில் திரும்பவும் இடம் பத்தாது.

எந்த கம்பெனி என்ற கேள்விக்கு, ‘எதன் ஸ்பேர் உங்கள் ஊர்ப் பக்கம் கிடைக்கிறதோ அது’ என்பதே சரியான பதில். மாஸி பெர்குசன் 1035, மஹிந்திரா 575, ஸ்வராஜ் 735 போன்ற மாடல்கள் செகண்ட்ஹேண்டில் தேடப்படுவதற்குக் காரணம் இதுதான். பக்கத்து டவுனிலேயே ஃபில்டரும் கிளட்ச் பிளேட்டும் கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் மெக்கானிக்கும் இருப்பார். விலை மலிவு என்று ஊரில் யாரிடமும் இல்லாத மாடலை வாங்கினால், ஒரு சீலுக்காகப் பத்து நாள் காத்திருக்க நேரிடும்.

காலையில் போங்க... இன்ஜினைத் தொட்டுப் பாருங்க!

வண்டி பார்க்க அதிகாலையில் போவது நல்லது. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதை வைத்துத்தான் இன்ஜினின் தெம்பு தெரியும்.

புகையும் பேசும். ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் பரவாயில்லை. நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. பெரிய செலவு காத்திருக்கிறது. கரும்புகை, ஏர் ஃபில்டரிலோ இன்ஜெக்டரிலோ கோளாறு இருப்பதைக் காட்டும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், அதன் வழியாகக் குப்குப்பென்று புகை அடிக்கக் கூடாது. அடித்தால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் அளவுக் கம்பியில் ஆயில் பால் கலந்த காபி மாதிரி தெரிந்தால், உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

மீட்டர் சொல்லாததைப் பெடல் சொல்லும்

ஹவர் மீட்டர் நின்றுபோயிருக்கலாம், மாற்றப்பட்டிருக்கலாம். கிளட்ச், பிரேக் பெடல்களின் தேய்மானம் பொய் சொல்லாது. மீட்டர் 2,000 மணி நேரம் என்று காட்ட, பெடல் வழவழவென்று தேய்ந்திருந்தால், கணக்கு இடிக்கிறது என்று அர்த்தம்.

பின்பக்க டயரைப் பாருங்கள். பட்டன்களின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், வண்டி பெரும்பாலும் ரோட்டில் லோடு அடித்திருக்கிறது. டிரெய்லர் மாட்டும் ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால், அதற்கு இன்னொரு சாட்சி.

சேற்றில் உழைத்த வண்டியில் வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். பின் ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். கியர் பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சேற்று உழவுக்கு, ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டி நல்லது. பழைய உலர் பிரேக்கில் சேறும் தண்ணீரும் புகுந்தால் பிடிமானம் குறையும்.

ரோட்டவேட்டரை மாட்டி, அரை மணி நேரமாவது வயலில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் தரக் கூடாது. லிஃப்டைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்தால், பாரம் உடனே சரசரவென்று இறங்கக் கூடாது. கியர் தானாக நழுவுகிறதா, பி.டி.ஓ பக்கம் ஆயில் கசிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய், அவருக்கு ஒரு நாள் கூலி கொடுப்பது வீண் செலவல்ல.

பேப்பர் சரியா?

ஆர்.சி புக்கில் உள்ள இன்ஜின், சேஸிஸ் எண்கள் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் அவசியம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்து வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டி என்றால், பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘பேரு அப்புறம் மாத்திக்கலாம்’ என்ற பேச்சை நம்பினால், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் முதல் கோர்ட் வரை அலைய வேண்டியிருக்கும்.

விலை பேசும்போது ஒரு விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. விற்பவர் தான் அன்று வாங்கிய விலையைச் சொன்னால், அதே ரகப் புது வண்டியின் இன்றைய விலையைக் கேட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள். கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல், ஐந்தில் ஒரு பங்கை ரிப்பேருக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. வாங்கியவுடன் எல்லா ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்; பேட்டரியும் டயரும்கூட எந்த நேரமும் செலவு வைக்கலாம்.

வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது

பழைய டிராக்டர்கள் பலவற்றில், கவிழ்ந்தால் காப்பாற்றும் பாதுகாப்புச் சட்டம் இருக்காது. அதனால் மட்கார்டில் குழந்தைகளை உட்காரவைத்து ஓட்டுவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். சுழலும் பி.டி.ஓ தண்டுக்கு மூடி இல்லை என்றால், உழவைத் தொடங்கும் முன் அதை வாங்கி மாட்ட வேண்டும். லுங்கியோ, துண்டோ, சேலைத் தலைப்போ அதில் சிக்கினால் விடுபட நேரம் கிடைக்காது. ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி கவிழ்ந்துவிடும்.

சேற்றில் சிக்கிய வண்டியை மீட்க, பின் சக்கரங்களில் கட்டையைக் கட்டி முன்னால் எடுப்பது மிக ஆபத்தானது. சக்கரம் சுழல முடியாமல் நிற்க, இன்ஜின் விசை வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். ஓட்டுபவர் மேலேயே அது மல்லாந்து விழலாம். ரிவர்ஸில் மெதுவாக எடுத்துப் பார்க்கலாம். வரவில்லை என்றால், சேற்றைத் தோண்டிவிட்டு, இன்னொரு வண்டியை அழைத்து இழுக்கச் சொல்வதே நல்லது. உழவு அரை நாள் தாமதமானால் ஆகட்டும்.