ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்று விட்டுவைத்த மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். இவற்றுள் சிலவற்றை ஒரு நிறுவனம் பணம் தந்து பேணுகிறது. தன்னார்வலர் பலர் கூடி உழைக்கின்றனர். வெளியார் ஒருவர், "என் பங்காக நூறு ரூபாய்" என்று நீட்டினால் யார் வாங்குவது? அதை இங்கு விளக்க முயல்கிறோம்.

எங்கள் ராசிங்காபுரத்தில் ஊர்த் திருவிழாவின் பந்தல் செலவை ஓர் ஏலத்தோட்ட முதலாளி ஏற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரார் தரும் பணத்தை அவர் கடைக் கல்லாவில் போட்டால் என்ன ஆகும்? அது அவருடைய வியாபார வரவோடு கலந்துவிடும். தனி நோட்டும் தனிப் பொறுப்பாளரும் இருந்தால்தான் அது ஊர்ப் பணமாக நிற்கும். மென்பொருளிலும் இதே கதைதான். இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, நிறுவனமே வாங்குவது. உபுண்டுவைப் பேணும் கேனானிக்கல் நிறுவனம் 2012-இல் நன்கொடை கேட்டது. எந்தப் பணிக்கு எவ்வளவு என்று கொடுப்பவரே பங்கிடலாம். ஆயினும் 2015-இல், அந்தப் பணத்தின் கணக்கு எங்கே என்று சமூகத்துக்குள்ளேயே சச்சரவு எழுந்தது.

இரண்டாவது, பொதுவான அறநிறுவனம் ஒன்றிடம் ஒப்படைப்பது. 1997-இல் அமெரிக்காவில் பதிவான 'சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்ட்ரஸ்ட்' என்னும் அமைப்பு, டெபியன் முதலிய பல திட்டங்களுக்காக நன்கொடை பெறுகிறது.

மூன்றாவது, தனி அறக்கட்டளை. ஓப்பன் ஆபீஸை ஆதரித்து வந்த சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது. அவ்வாண்டே தன்னார்வலர் பலர் பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். ஜெர்மனியில் அறக்கட்டளை அமைக்க, 2011 பிப்ரவரியில் 50,000 யூரோ முதல் திரட்ட முனைந்தனர். எட்டே நாட்களில் சேர்ந்துவிட்டது! 2012-இல் அறக்கட்டளை முறைப்படி பதிவாயிற்று. சிறு துளி பெரு வெள்ளம் அல்லவா?

நம் நாட்டிலும் பெங்களூரின் செரோதா நிறுவனம், உலகெங்கும் உள்ள இத்தகைய திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வழங்குவதாக 2024-இல் அறிவித்தது. ஆனால் இங்குள்ள அறக்கட்டளை வெளிநாட்டு நன்கொடை பெறவேண்டுமானால், 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

ஆகவே, கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம். பணத்தை வாங்குவது யார்? கணக்கை வெளியிடுவார்களா? ஆதரிக்கும் நிறுவனம் நாளை விலகினால் அது யாருடைய பணம்? இவற்றுக்கு விடை சொல்பவரிடம் கொடுத்த சிறு தொகையும் வீண்போகாது.