பேரிடரில் பிறந்த பொதுமென்பொருள்: நிதியும் முன்னுரிமையும் பற்றிச் சில சிந்தனைகள்

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கிண்ணியா, மூதூர் ஆகிய ஊர்களும், வடக்கே நிலாவெளி, குச்சவெளிக் கரைகளும் பெரும் அழிவுக்குள்ளாயின. கிண்ணியா வைத்தியசாலையும் அலைக்குத் தப்பவில்லை. நாடு முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாள்களில் உணவும் உடையும் போலவே தகவலும் இன்றியமையாததாயிற்று. காணாமற்போனோர் யாவர், எம்முகாமில் எத்தனை பேர், எந்நிறுவனம் எவ்விடத்தில் எதனை வழங்குகின்றது என்பன ஒருங்கே அறியப்படாதவிடத்து, வந்து குவியும் உதவியும் உரியவரைச் சென்றடைதல் அரிது.

இத்தேவையிலிருந்தே 'சஹன' என்னும் மென்பொருள் தோன்றியது. சிங்களத்தில் இச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். 2003இல் நிறுவப்பட்ட லங்கா சொவ்ற்வெயர் பவுண்டேஷனைச் சார்ந்தோரும் பிற கணினித் துறையினரும் ஊதியமின்றி உழைத்து, சில வாரங்களில் இதனை உருவாக்கினர். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, நிறுவனங்களின் பதிவேடு, தேவைகளின் பதிவேடு ஆகியன இதன் அங்கங்களாயின. இதன் மூலநிரல் எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடியதாகத் திறந்து வைக்கப்பட்டது. பின்னர் சுவீடன் அரசின் அபிவிருத்தி உதவி முகவரகம் நிதி வழங்க, பிற நாடுகளுக்கும் ஏற்றவாறு இது மீள எழுதப்பட்டது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதினைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதற்கு வழங்கியது. 2009இல் இதனைப் பேணுதற்கென இலாபநோக்கற்ற அமைப்பொன்று ஐக்கிய அமெரிக்காவிலே பதிவு செய்யப்பட்டது.

இவ்வரலாறு பெருமைக்குரியதே. எனினும் இதனுள் ஒரு பொருளியல் வினா பொதிந்துள்ளது. பேரிடர் நிகழும்போது பணமும் தொண்டரும் வந்து சேர்வர். இரு பேரிடர்களுக்கு இடைப்பட்ட அமைதியான ஆண்டுகளில் மென்பொருளைப் பேணுவதற்கு யார் செலவு செய்வது?

துறைமுகத்தவர் நன்கறிந்த ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். கலங்கரை விளக்கின் ஒளியை ஒரு கப்பல் கண்டதனால் மற்றொரு கப்பலுக்கு அது குறைந்துவிடுவதில்லை. கட்டணம் செலுத்தாதவனின் கண்ணுக்கு அதனை மறைக்கவும் இயலாது. எனவே ஜோன் ஸ்டுவர்ட் மில் முதலாய பொருளியலாளர் அதனைத் தனியார் சந்தை தானே வழங்கமாட்டாத பொதுப்பண்டத்துக்கு உதாரணமாகக் காட்டினர். 1974இல் ரொனால்ட் கோஸ், பிரித்தானியாவில் துறைமுகத்தை அடையும் கப்பல்களிடம் விளக்குவரி அறவிட்டே அச்செலவு ஈடுசெய்யப்பட்டதென எடுத்துக்காட்டினார். திறந்த மூல மென்பொருளும் அத்தகைய விளக்கே. ஆயின் அதற்கு வரி அறவிடும் துறைமுகம் இல்லை. கப்பல் வராத இரவிலும் விளக்கு எரிய வேண்டும். எண்ணெய்க்கு வழி கண்டாக வேண்டும்.

இத்தகைய அமைப்புகளுக்கு வரும் நிதி இருவகைப்படும். ஒன்று, குறித்த பணிக்கென நிபந்தனையுடன் தரப்படுவது. மற்றையது, அமைப்பு தன் விருப்பப்படி செலவிடக்கூடியது. கொடையாளர் பெரிதும் விரும்புவது முதலாவதையே. புதிய அங்கமொன்றைத் திறந்துவைத்தோம் என அறிக்கையிடலாம். பழைய வழுவைத் திருத்தினோம் என்பது அறிக்கைக்கு அழகு சேர்ப்பதில்லை. புதிய அங்கமொன்றை ஆக்க 100 ரூபா கிடைத்ததென்றும், அதனைப் பேண ஆண்டுதோறும் 15 ரூபா வேண்டுமென்றும் கொள்வோம். ஏழாம் ஆண்டின் முடிவில் பராமரிப்புச் செலவு 105 ரூபாவாகி, நன்கொடையையே விஞ்சிவிடுகின்றது. ஆகவே பராமரிப்புக்கு வழியின்றி ஏற்கப்படும் நன்கொடை, வரவேட்டில் வரவாகத் தோன்றினும் உண்மையில் ஒரு கடனேயாகும். 'சஹன' காலப்போக்கில் வெவ்வேறு நிரல்மொழிகளில் இரு கிளைகளாக வளர்ந்தமையையும் இங்கு நினைவுகூரலாம். கிளை இரண்டாயின் பேணும் உழைப்பும் இரண்டாகின்றது.

அவ்வுழைப்பு யாருடையது என்பதும் சிந்திக்கத்தக்கது. இணையப் பரிமாற்றங்களின் இரகசியத்தைக் காக்கும் 'ஓப்பின் எஸ்எஸ்எல்' என்னும் மென்பொருளைப் பெருநிறுவனங்கள் பலவும் பயன்படுத்தி வந்தன. ஆயினும் அதற்கு ஆண்டொன்றில் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலரே. 2014இல் 'ஹார்ட்பிளீட்' எனப்பட்ட பாரதூரமான வழு வெளிப்பட்ட பின்னரே பெருநிறுவனங்கள் கூடி நிதியம் ஒன்றை அமைத்தன. பிறர் ஈட்டும் இலாபத்துக்குச் சிலரின் ஊதியமற்ற உழைப்பு அடித்தளமாயிருந்தது என்பதே இதன் பொருள். 'தொண்டு' என்னும் சொல்லின் இனிமை இச்சுரண்டலை மறைத்துவிடலாகாது.

இவற்றினின்று முன்னுரிமை பற்றிய சில நெறிகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, பாதுகாப்பும் பராமரிப்பும். இவை குன்றின் ஏனைய யாவும் பயனற்றுப்போகும். இரண்டாவது, குறைந்தது ஓராண்டுச் செலவுக்குப் போதுமான ஒதுக்கம். மூன்றாவது, கைந்நூல்களும் மொழியாக்கமும். தமிழில் வாசித்துப் பயன்படுத்த இயலாத முகாம்ப் பதிவேடு மூதூரின் தொண்டருக்குப் பயன்தராது. புதிய அங்கங்கள் இவற்றின் பின்னரே வரத்தக்கன. நன்கொடை ஒவ்வொன்றிலும் ஒரு பங்கினைப் பராமரிப்புக்கென முன்கூட்டியே கேட்டுப்பெறுதலும், கணக்கினை ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்தலும் வேண்டும். மூலநிரலைத் திறந்துவைத்துக் கணக்கேட்டை மூடிவைத்தல் முரண்பாடாகும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாய் நிற்பது, முன்னுரிமையைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினாவே. பணம் தருபவரே தீர்மானிப்பாராயின், நிரல் திறந்திருப்பினும் அமைப்பு சுதந்திரமானதன்று. பயன்படுத்தும் மக்களுக்கும் பேணும் உழைப்பாளருக்கும் ஆட்சிக்குழுவில் இடம் இருத்தல் வேண்டும். இலங்கையில் அரும்பிய முயற்சியொன்று தன்னைப் பேணும் அமைப்பைக் கடல் கடந்து பதிவுசெய்ய நேர்ந்தமை, உள்ளூரில் இதற்கான நிதி மரபு உருவாகாமையை நமக்கு உணர்த்துகின்றது. பல்கலைக்கழகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் சிறு தொகையையேனும் ஆண்டுதோறும் தவறாது வழங்குமாயின், பேரிடர்க்காலப் பெருங்கொடையினும் அது பயனுடையதாகும்.

2020 டிசெம்பர் 2 ஆம் நாள் 'புரெவி' சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. ஆழிப்பேரலைக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய 16 ஆண்டுகள். நிவாரண மென்பொருளின் தகுதி புயல் வரும் நாளில் வெளிப்படுகின்றது. ஆனால் அத்தகுதியைத் தருவது இத்தகைய இடைக்காலத்தில் எழுதப்படும் வரவுசெலவுத் திட்டமே.