மயக்க மருந்தும் குவாண்டமும்: நனவைத் தேடும் ஒரு துணிச்சலான கோட்பாடு

மயக்க மருந்து ஏறிய சில நொடிகளில் நினைவு போய்விடுகிறது. இதயம் துடிக்கிறது, மூளையும் முழுதாக ஓய்ந்துவிடவில்லை. ‘நான்’ என்ற உணர்வு மட்டும் இல்லை. அரிசோனா பல்கலைக்கழக மயக்கவியல் மருத்துவர் ஸ்டூவர்ட் ஹேமராஃபை விடாமல் பிடித்துக்கொண்டது இந்தப் புதிர்தான். அவருடைய சந்தேகம் நரம்பணுக்களுக்குள் இருக்கும் நுண்குழல்கள் மீது விழுந்தது. சுமார் 25 நானோமீட்டர் விட்டமுள்ள புரதக் குழாய்கள் இவை. செல்லுக்கு வடிவம் தருவதும், உள்ளே சரக்கு நகரத் தண்டவாளமாக இருப்பதும் இவற்றின் வேலை என்கின்றன பாடநூல்கள்.

பிரிட்டன் கணித இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் வேறு வழியாக வந்தவர். கணிதத் தர்க்கவியலாளர் கோடலின் 1931-ம் ஆண்டுத் தேற்றத்தை வைத்து, மனிதரின் புரிதல் எந்தக் கணினி நிரலுக்குள்ளும் அடங்காது என்று 1989-ல் வாதிட்டார். தர்க்கவியலாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. பென்ரோஸ் அசரவில்லை; கணினிக்கு அடங்காத அந்தப் புரிதலின் வேரைக் குவாண்டம் இயற்பியலில் தேடினார். ஒரே நேரத்தில் பல சாத்தியங்களில் இருக்கும் குவாண்டம் நிலை, ஈர்ப்பு விசையின் காரணமாகத் தானாகவே ஒன்றாகக் குலைகிறது என்பது அவர் கருத்து. நனவின் கணங்கள் அங்கே பிறக்கின்றன என்றார். அது நிகழும் இடமாக நுண்குழல்களைக் காட்டினார் ஹேமராஃப். 1990-களின் நடுவில் இருவரின் கோட்பாடு உருவானது.

‘நாம் பார்ப்பதால்தான் உலகம் உருவாகிறது’ என்று யூடியூப் ஞானிகள் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நனவுதான் குவாண்டம் நிலையைக் குலைக்கிறது என்ற கருத்தை இயற்பியலாளர் யூஜின் விக்னர் 1961-ல் முன்வைத்தார். பிறகு அவரே கைவிட்டார். 2003-ல் வியன்னாவில் நடந்த சோதனையில், 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளின் பாதையில் கொஞ்சம் வாயுவைச் செலுத்தினார்கள். வாயு கூடக் கூட, அவற்றின் குவாண்டம் தன்மையைக் காட்டும் அலைக்கோலம் மங்கியது. அது மங்க வாயு மூலக்கூறுகள் மோதினாலே போதும், மனம் தேவையில்லை. பென்ரோஸிடமோ வரிசையே தலைகீழ்: குலைவு முதலில், நனவு அதன் விளைவு.

கோட்பாட்டுக்குப் பெரிய அடி 2000-ல் விழுந்தது. வெதுவெதுப்பும் ஈரமுமான மூளையில், நுண்குழலின் குவாண்டம் நிலை ஒரு நொடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம்தான் நிற்கும் என்று கணக்கிட்டார் இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க். நரம்பணு வேலை செய்ய மில்லி நொடிகள் வேண்டும். கணக்கில் எடுத்த அனுமானங்கள் தவறு என்று ஹேமராஃப் தரப்பு 2002-ல் மறுத்தது. ஆனால் அந்தக் கணக்கைத் திருத்தி அவர்கள் பெற்ற காலமும் ஒரு மில்லி நொடியைத் தொடவில்லை. இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் நடந்த இன்னொரு சோதனை, ஈர்ப்பால் குலையும் மாதிரியின் மிக எளிய வடிவத்தை நிராகரித்தது.

இத்தனை அடி வாங்குவதே என் பார்வையில் இதன் பெருமை. சோதித்துப் பார்க்க இடம் தருகிற கோட்பாடுதான் அடிபடவும் முடியும்.

ஆதரவாகவும் ஒரு துணுக்கு உண்டு. நுண்குழல்களில் ஒட்டி அவற்றை உறுதிப்படுத்தும் எப்போதிலோன் பி என்ற மருந்தைக் கொடுத்த எலிகள், மயக்க வாயுவில் நினைவிழக்கச் சராசரியாக ஒரு நிமிடத்துக்கும் மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டன என்று 2024-ல் ஓர் அமெரிக்க ஆய்வுக்குழு வெளியிட்டது. மயக்கத்தில் நுண்குழல்களுக்குப் பங்கு இருக்கலாம் என்பதற்கு இது சான்று. அந்தக் குழாய்களுக்குள் நடப்பது குவாண்டம் நிகழ்வா, வழக்கமான உயிர்வேதியியலா என்பதை எலிகளின் மயக்கத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. உயிருள்ள நரம்பணுவுக்குள் குவாண்டம் நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று நேரடியாக அளந்தாக வேண்டும்.