குறைந்த செலவிற் பெருவலு

வாகரை வீதியிற் பாரமேற்றிச் செல்லும் டீசல் லொறிகளிலே இன்று டர்போ பொதுவானதோர் உறுப்பாகும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூஹியின் 1905 ஆம் ஆண்டுக் காப்புரிமையே அதற்கு மூலம். வீணே வெளியேறும் புகை ஒரு சில்லைச் சுழற்ற, அதே அச்சிலுள்ள மற்றொரு சில்லு காற்றை அமுக்கி இயந்திரத்துட் செலுத்துகின்றது. காற்று மிகின் எரிபொருளும் மிகுதியாய் எரியும், வலுவும் பெருகும்.

கால் மைல், அஃதாவது 402 மீற்றர், நேரோட்டப் பந்தயத்துக்குப் பெற்றோல் இயந்திரம் அமைக்க விழையும் இளைஞர் பழைய டர்போவை மலிவாக வாங்கலாம். மலிவு இழுக்கன்று, கோயம்புத்தூர்க் கரிவரதன் எளிய மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டே பந்தயக் கார்களை உருவாக்கினார். ஆயின், அமுக்கிய காற்றுச் சூடேறும். எரிபொருள் காலந்தப்பி வெடித்துப் பிஸ்டனைத் துளைத்தலுங் கூடும். ஆகவே, கைப்பொருளை முதலிற் காற்றுக் குளிர்விப்பானுக்கும், போதிய எரிபொருளூட்டத்துக்கும், உறுதியான பிஸ்டனுக்குமே செலவிடுக. அமுக்கத்தைப் பின்னர்ச் சிறிது சிறிதாக உயர்த்துக. தாங்கும் வலிமையின்றிப் பெற்ற வேகம் ஓர் ஓட்டத்தோடு முடிந்துவிடும்.