கால் பென்னி ஓவியம்!

"ரெண்டே நாள் வேலை... அதுக்கு இவ்வளவு பணமா?"

மேனேஜர் இப்படிக் கேட்டால் நாம் தலையைச் சொறிவோம். லண்டன் கோர்ட்டில் இதே கேள்வியைக் கேட்டபோது ஓர் ஓவியர் சொன்ன பதில், இன்றைக்கும் பேசப்படுகிறது!

ஓவியர் பெயர் ஜேம்ஸ் விஸ்லர். பிறந்தது அமெரிக்கா, பிழைப்பு லண்டனில். ஒற்றைக் கண்ணாடி, கையில் தடி, நாக்கு நிறைய நக்கல்! 1875 வாக்கில் க்ரெமோர்ன் பூங்காவின் வாணவேடிக்கையை வரைந்தார். படத்தில் பூங்காவைத் தேடத்தான் வேண்டும். ஒரே இருட்டு, புகை, அங்கங்கே தங்கப் பொறிகள், மங்கலாகச் சில உருவங்கள். அவ்வளவுதான்! 'விழும் ராக்கெட்' என்று பெயர் வைத்து, 1877-ல் க்ரோவ்னர் கேலரியில் மாட்டினார். விலை 200 கினியா.

பார்த்தார் ஜான் ரஸ்கின். சாதாரண ஆள் இல்லை. காந்திஜியின் மனசையே மாற்றிய புத்தகத்தை எழுதியவர். கலை விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். 'ஒரு டப்பா பெயின்ட்டை ஜனங்க முகத்தில் வீசிவிட்டு 200 கினியா கேட்கிறானே' என்கிற ரீதியில் எழுதித் தள்ளிவிட்டார்.

உழைப்புக்கு நியாயமான கூலி வேண்டும் என்று எழுதியவரே இப்படி!

விஸ்லர் விடுவாரா? ஆயிரம் பவுண்டு கேட்டு மானநஷ்ட வழக்கு. 1878 நவம்பரில் விசாரணை. உடம்பு சரியில்லாததால் ரஸ்கின் வரவில்லை. அவர் பக்கத்து வக்கீல், படம் வரைய எத்தனை நாள் ஆச்சு என்று மடக்கினார். இரண்டு நாள் என்றார் விஸ்லர்.

'ரெண்டு நாள் உழைப்புக்கா 200 கினியா?'

இல்லை, ஆயுசு முழுக்க உழைத்துச் சேர்த்த அறிவுக்கு என்றார் விஸ்லர். கோர்ட்டில் கைதட்டல்!

தீர்ப்பு? ஜெயித்தது விஸ்லர்தான். நஷ்டஈடு... ஒரு ஃபார்த்திங்! அதாவது கால் பென்னி. கோர்ட் செலவும் அவரவர் தலையில். 1879-ல் மனுஷன் திவால். ஆசையாய்க் கட்டிய வீடும் கைவிட்டுப் போயிற்று. அந்தக் கால் பென்னியைக் கடிகாரச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு திரிந்தார் என்பார்கள்.

ஆனால் காலம் வேறு தீர்ப்பு எழுதியது. 1892-ல் அதே படம் 800 கினியாவுக்குப் போனது. படம் என்றால் 'இது மரம், இது மாடு' என்று தெரிய வேண்டும் என்கிற சட்டத்தில் விழுந்த முதல் ஓட்டைகளில் அது ஒன்று. அந்த வழியில் மேலே போய், பொருளே இல்லாமல் நிறத்தை மட்டும் வைத்து வரைந்தார் கான்டின்ஸ்கி. 1947 முதல் ஜாக்சன் போலக் என்ன செய்தார் தெரியுமோ? தரையில் துணியை விரித்து, டப்பாவிலிருந்து பெயின்ட்டை நிஜமாகவே சொட்டவிட்டார், வீசினார். ரஸ்கின் திட்டியது ஒரு பாணியாகவே ஆகிவிட்டது!

விழும் ராக்கெட் இன்று டெட்ராய்ட் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த தடவை, 'பத்து நிமிஷ வேலைதானே' என்று யாராவது உங்களை மட்டம் தட்டினால், விஸ்லரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பின்னால் பத்து வருஷம் இருக்கிறது, சார்!

பதிலை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னால் மட்டும், கையிருப்பு எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.