முகத்துவாரம் வெட்டும் நாள்

மட்டக்களப்பு என்றதும் வெளியூரார் எம்மிடம் விசாரிப்பது பாடும் மீனைப் பற்றியே. உள்ளூராருக்கோ மாரி பிறந்துவிட்டால் வேறொரு கேள்விதான் பெரிது: “முகத்துவாரம் எப்போது வெட்டப் போகிறார்கள்?” ஊரைத் திட்டமிடுவது என்றால் என்ன என்பதை இந்த ஒரு கேள்வியிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம் என்பது எமது எண்ணம்.

எமது வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. அது கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டு. ஒன்று பாலமீன்மட்டுப் பக்கம், மற்றது தெற்கே கல்லாற்றில். கோடையில் அலை கொணரும் மணல் மேடிட்டு வாயை அடைத்துவிடும். மாரியில் ஆற்று வெள்ளமும் உன்னிச்சை, நவகிரிக் குளங்களிலிருந்து வழியும் நீரும் வாவியில் வந்து சேர, நீர்மட்டம் ஏறும். அப்போது மணற்றிடரில் ஒரு வாய்க்கால் வெட்டிவிடுவார்கள். சிறிது நேரத்தில் வெள்ளமே அதை அகலமாக்கிக்கொண்டு கடலுக்கு ஓடும்.

வெட்டுவது எளிது, வெட்டும் நாளைத் தீர்மானிப்பதே கடினம். பிந்தினால் படுவான்கரையில் வேளாண்மை நீரில் மூழ்கி அழுகும்; எழுவான்கரையிலே தாழ்ந்த வளவுகளில் வெள்ளம் புகும். முந்தினாலோ நன்னீர் வீணே வடிந்து உவர்நீர் உட்புகும். வாவியில் வலை வீசுவோரின் பிழைப்பும் மாறும். கடல் கொந்தளித்து நிற்கும் நாளில் வெட்டிப் பயனில்லை. ஆகவே கமக்காரரும் மீனவரும் நீர்ப்பாசன அதிகாரிகளும் மாவட்டச் செயலகத்தில் கூடிப் பேசித்தான் நாள் குறிக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் ஆதாயம் மற்றவர் நட்டமாகும் விடயத்தில், எதிரெதிராய் அமர்ந்து முடிவு காணும் இவ்வழக்கத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

ஆனால் நீர் வந்தபின் கூடுவதோடு காரியம் முடிந்துவிடுமா? 1978 நவம்பர் 23இற் சூறாவளி. 2004 டிசம்பர் 26இற் கடற்கோள். 2011 சனவரியிற் பெருவெள்ளம். ஒவ்வொன்றின் பின்னும் நிவாரணம் வந்தது, வீடுகளும் எழுந்தன. கடற்கோளுக்குப் பின் வடக்குக் கிழக்கிற் கடலோரத்தில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்றார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் போதுமென்றார்கள். பிறகு அவ்விதியையே தளர்த்தினார்கள். நாவலடியில் வீடிழந்தோருக்குத் திராய்மடுவில் வீடுகள் கிடைத்தன. அலைக்கு எட்டாத இடந்தான். ஆயினும் தோணியும் வலையும் கடற்கரையில் இருக்கக் குடும்பம் மட்டும் உள்ளே போனாற் சீவியம் எப்படி நடக்கும்? இன்னொன்று: மடு என்றாற் பள்ளம் என்று பொருள். எமது முன்னோர் இட்ட ஊர்ப் பெயர்களை வரைபடம் கீறுவோர் ஒருமுறை உரக்க வாசித்துப் பார்த்தால் நல்லது.

வாவியைச் சூழ்ந்து எத்தனை சபைகள்! மட்டக்களப்பு மாநகர சபை, காத்தான்குடி நகர சபை, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி, செங்கலடிப் பக்கத்துப் பிரதேச சபைகள். தெற்கு முனையில் மாவட்டமே மாறிவிடுகிறது. வீடு கட்ட அனுமதி தருவதும் வடிகான் துப்புரவு செய்வதும் இச்சபைகளின் வேலை. ஒரு சபையின் எல்லைக்குள் தாழ்நிலத்தை மண்ணிட்டு நிரப்பினால், அங்கு தங்கவேண்டிய நீர் அடுத்த சபையின் எல்லைக்குள் ஏறி நிற்கும். கரையிலுள்ள கண்டற்காட்டை ஒருவர் வெட்டினால், மண் கரைந்து அயலவரின் வலைப்பாட்டில் வந்து படியும். எல்லைக்கல் மனிதனுக்குத் தெரியும், நீருக்குத் தெரியாது. ஆதலால் இச்சபைகள் ஆண்டுதோறும் மாரிக்கு முன்பே ஒரே மேசையில் இருந்து, எங்கே நிரப்பலாகாது, எந்த வடிகான் எங்கே விழ வேண்டும் என்று முடிவுசெய்தல் அவசியம். 2023 முதல் இரண்டாண்டுகளுக்கு மேலாகத் தெரிவான உறுப்பினரின்றிக் கிடந்த மன்றங்களுக்கு 2025 மே மாதத் தேர்தல் உறுப்பினரைத் தந்திருக்கிறது. இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை.

சென்ற மாரியின்போது எமது வகுப்பு மாணவரிடம், 2011இல் உங்கள் வீட்டில் நீர் எவ்வளவு உயர்ந்தது என்று பெரியோரைக் கேட்டு வருமாறு சொன்னோம். அப்போது தவழும் குழந்தைகளாயிருந்தவர்கள் அவர்கள். ஒருவர் முழங்கால் என்றார், ஒருவர் சன்னல் விளிம்பு என்றார். ஒரு மாணவியின் பாட்டியார் சுவரிற் கரிக்கோடே இழுத்து வைத்திருந்தாராம். அத்தனையையும் ஊர்ப் படமொன்றிற் குறித்தபோது, வெள்ளம் எவ்வெவ்வொழுங்கையால் வந்ததென்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது. அந்தப் படம் எமது வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. எந்தச் சபையார் வந்து கேட்டாலும் பிரதி எடுத்துக் கொடுக்கக் காத்திருக்கிறோம்.