பீப்பாய்க் கிணறும் திமுக்குவா பானையும்

செயின்ட் அகஸ்டின், புளோரிடா

1565 செப்டம்பர் 8 அன்று ஸ்பானியத் தளபதி பெத்ரோ மெனெந்தெஸ் தே அவிலேஸ் கரையிறங்கியபோது இது ஆளில்லாக் காடு அல்ல; செலோய் என்ற திமுக்குவா பழங்குடித் தலைவரின் ஊர். அங்கிருந்த பெரிய வீட்டையே ஸ்பானியர்கள் முதல் கோட்டையாக்கி, சுற்றிலும் அகழி வெட்டிக்கொண்டார்கள். விருந்தாளி கிளம்புவதாய்த் தெரியவில்லை, பகை மூண்டது. 1566இல் எதிரேயுள்ள அனஸ்தாசியா தீவுக்கு ஒதுங்கியவர்கள், 1572இல்தான் மறுபடி இக்கரைக்குத் திரும்பினார்கள்.

மணல் பூமியில் கிணறு சரியாமலிருக்க அடிப்பலகை கழற்றிய பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள். தண்ணீர் கெட்டதும் அதுவே குப்பைக்குழி. அகழ்வாய்வாளருக்கு அதைவிட நேர்மையான நாட்குறிப்பு கிடைக்காது! மீன் முள், சிப்பி, ஆமை ஓடு, மான் எலும்பு என்று அன்றாடச் சாப்பாடு முழுக்க அதில் கிடக்கிறது. கோதுமையும் ஒலிவமும் இந்த மண்ணில் சரியாக வரவில்லை. ரொட்டி, ஒயின், ஒலிவ எண்ணெய்க்குக் கப்பலை எதிர்பார்க்க வேண்டும். மற்ற நாளெல்லாம் மக்காச்சோளமும் பூசணியும்தான்.

வந்தவர்களில் பெண்கள் குறைவு. பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அதனால் மேசையில் ஸ்பெயின் பீங்கான் இருந்தாலும் அடுப்பில் ஏறியது பெரும்பாலும் அந்தப் பெண்களின் மரபில் வனைந்த மண்பானை. வீட்டில் சமையல் யார் கையில் இருந்தது என்பதைப் பானை ஓடுகளே சொல்லிவிடுகின்றன.

பானையைப் போல மொழியும் தடம் விட்டது. பிரான்சிஸ்கோ பரேஹா என்ற பாதிரியார் திமுக்குவா மொழியில் எழுதிய மறைக்கல்வி நூல் 1612இல் மெக்சிகோவில் அச்சானது. பேசுவோர் இல்லாத அம்மொழியை இன்று நாம் அறிவது பெரிதும் அவர் எழுத்துகளால்தான்.